சிவிக்கை விற்கச் சொன்னவன்

என் மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. கலியாணத்துக்கு வெகு முன்பிருந்தே ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருந்தது. ஜப்பான் கம்பெனிகளில் ஓட்டத்துக்கு எவன் கார் சிறந்தது? நான் சிவிக் பக்கம். அவன் லான்சர் பக்கம்.

என்னிடம் பழைய வெள்ளை சிவிக் ஒன்று நின்றது. நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றைத் தாண்டியதும் அதன் எஞ்சின் வேறு குரலுக்கு மாறும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே வெள்ளிக்கிழமைகளில் நாவிதன்வெளிப் பக்கம் வயல் நடுவே ஓட்டிப் போவேன். பக்கத்தில் இருக்கும் மச்சான் உதட்டைப் பிதுக்குவான்.

"உன்ட எஞ்சின்ல புழிய வேண்டிய பலத்தையெல்லாம் செஞ்ச கம்பெனிக்காரனே புழிஞ்சிட்டான். இனிக் கூட்ட ஒண்டும் இல்ல. டர்போ லான்சர எடு மச்சான். டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தக் கூட்டக் கூட்ட பலம் ஏறும், எஞ்சினும் தாங்கும்."

"வளைவுல?"

"வளைவுல சிவிக்தான். கல்முனைல எங்க வளைவு இரிக்கி?"

இதையே வருடக்கணக்காகச் சொன்னான். கடைசியில் என் மனம் அசைந்தது. கண்டியில் ஒரு டர்போ லான்சர் இருப்பதை அவனே தேடிப் பிடித்தான். கூடவே வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தான். சிவிக்கை வாங்க அக்கரைப்பற்றில் இருந்து ஒருவரையும் கூட்டி வந்தான். வந்தவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. நான் சிவிக்கின் திறப்பை அவர் கையில் கொடுத்தபோது மச்சான் என் தோளில் கை வைத்தான்.

"நல்ல கைக்குத்தான் போகுது" என்றான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் மீன் வாங்க ஒலுவில் துறைமுகத்துக்குப் போனேன். என் சிவிக் அங்கே நின்றது. பின்கதவு திறந்திருக்க, உள்ளே ஐஸ் போட்ட மீன் பெட்டி. ஒரு மீன் பையைக்கூட நான் அதில் ஏற்ற விட்டதில்லை. பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பியவன் மச்சான்.

"நீயா வாங்கின?"

"ஓம்."

"அப்ப அந்த அக்கரைப்பற்று ஆள்?"

"என்ட கூட்டாளி, எனக்காகத்தான் வந்தவன். நான் நேர கேட்டா நீ தரமாட்டாய்."

"எஞ்சினப் பத்திச் சொன்னதெல்லாம்?"

"அதுல ஒண்டும் பொய்யில்ல மச்சான். கூட்டுறதுக்கு லான்சர்தான். எனக்கு ஒண்டும் கூட்டத் தேவல்ல. எனக்கு இது விருப்பம், அவ்வளவுதான்."

நான் மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும். காக்கா சொல்ல வேணாமெண்டாரு" என்றாள்.

அன்று பகல் நான் சாப்பிடவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை.

மச்சான் சொன்னபடியே லான்சரின் எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றினேன், டர்போவின் காற்றைக் கூட்டினேன். சிவிக் கிட்டவும் வர முடியாத ஓட்டம். ஓடும்போதெல்லாம் அவன் சொன்னது சரி என்பது நெஞ்சைக் குத்தியது. பொய் சொல்லி ஏமாற்றியிருந்தால் ஒருநாள் சண்டை பிடித்து ஆறியிருப்பேன்.

பெருநாளைக்கு அவன் வந்தான். சிவிக்கை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். ஸலாம் சொன்னான், பதில் சொன்னேன். வட்டிலப்பம் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப டர்போவுல எவ்வளவு காத்து வெச்சிரிக்காய்?"

"நான் அதுல கை வெக்கல்ல" என்றேன்.

கார் விஷயத்தில் அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது.