சைதாப்பேட்டைக்குள் கொலையாளி வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை விஜயா அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு ரிடையர்டு அம்மாவின் போனுக்கு எதற்கு வியர்க்க வேண்டும்? அதைச் சொல்ல, தாம்பரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காலையில் தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயில். லேடீஸ் கம்பார்ட்மென்ட். என் எதிர் சீட்டில் மாடம்பாக்கம் விஜயா அக்கா. சைதாப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. பல்லாவரத்தில் ஷகிலா ஏறிக்கொள்வாள். வீடு பம்மல், மாம்பலத்தில் அண்ணனோடு சேர்ந்து துணிக்கடை நடத்துகிறாள். நான் படிக்கிற கதைகளை இவர்களுக்கு தினம் கொஞ்சமாகச் சொல்வது வழக்கம். டிவி சீரியல் மாதிரிதான்... விளம்பரம் கிடையாது.

இந்த முறை கையில் கிடைத்தது ஒரு துப்பறியும் நாவல். சாதாரணத் துப்பறியும் நாவல் அல்ல — இலக்கியத் துப்பறியும் நாவல்! தலையணை சைஸ். பெயர் வேண்டாம், எழுதியவர் பாவம்.

பழைய பங்களா. உள்ளே செத்துக்கிடக்கும் ரிடையர்டு நீதிபதி. தம்பிக்குச் சொத்து மேல் கண். சமையல்காரி வாயே திறக்க மாட்டாள். குடும்ப டாக்டர் மட்டும் தங்கமான மனுஷன். நடுநடுவே மழை பெய்யும். பக்கம் பக்கமாகப் பெய்யும். மழை வந்தால் நான் தாண்டிவிடுவேன். சைதாப்பேட்டை வருவதற்குள் மழையை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஷகிலாவிடம் முதல் நாளே தீர்ப்பு ரெடி. “தம்பிதான்க்கா. சொத்துன்னு வந்துட்டா கூடப்பொறந்தவனாவது, இன்னாவது!” அண்ணனோடு கடை நடத்துகிறவள் சொல்கிறாள்!

விஜயா அக்காவுக்கோ ஒரு கெடு இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ரிடையர்மென்ட். “அதுக்கப்புறம் எனக்கு ஏதும்மா இந்த ரயில்? போறதுக்குள்ள கொலைகாரன் யாருன்னு சொல்லிடு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார்.

சமைக்கும்போதுகூடப் படித்தேன். வியாழக்கிழமை சாயங்காலம், வீடு திரும்பும் ரயில் குரோம்பேட்டையைத் தாண்டும்போது கடைசிப் பக்கம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஆற்றங்கரையில் நிற்கிறார். தண்ணீரைப் பார்க்கிறார். மழை வருகிறது. முற்றும்.

முற்றுமா? அப்போ கொன்றது யார்?

பின்னட்டையைப் பார்த்தேன். பக்க எண்களைச் சரிபார்த்தேன். ஒரு தாளும் குறையவில்லை. வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை வாரம் இந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பேன்! கூடவே, ஒருவேளை எனக்குத்தான் புரியவில்லையோ என்கிற குழப்பம் வேறு.

நாவலைச் சிபாரிசு செய்த தோழிக்குப் போன் போட்டேன்.

“கொலையாளி யாருங்கறதா முக்கியம்? அந்தத் தெளிவின்மைதான் நாவலே” என்றாள்.

“செத்தது ஒரு மனுஷன்டி! நாளைக்கு விஜயா அக்காவுக்கு நான் என்ன சொல்றது?”

“தெளிவின்மைன்னு சொல்லு.”

போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விஜயா அக்கா பட்டுப்புடவையில் வந்தார். தலை நிறைய மல்லிகை, கையில் மைசூர்பாகு டப்பா. கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. “வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்னே தெரியலம்மா” என்றார். “அத விடு... யாரு?”

பரங்கிமலை போனது. கிண்டி வந்தது. கடைசி நாள் வேலைக்குப் போகிற மனுஷியை ஆற்றங்கரையில், மழையில் நிறுத்திவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

“டாக்டர்” என்றேன்.

ஏன் டாக்டர்? தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

“அடப்பாவி! தங்கமான மனுஷன்னு நம்பினேனே!” என்று அக்கா கைதட்டினார். முகம் நிறைய சிரிப்போடு சைதாப்பேட்டையில் இறங்கினார். “எப்படிக்கா புடிச்சாங்க அந்தாள?” என்று ஷகிலா ஆரம்பிப்பதற்குள் மாம்பலம் வந்து ஆண்டவன் என்னைக் காப்பாற்றினான்.

காப்பாற்றினானா? அடுத்த வாரமே அக்காவிடமிருந்து மெசேஜ். ‘அந்த புக்கை வாங்கிட்டேன். இப்பதான் டைம் இருக்கே!’

அதிலிருந்து அவர் எத்தனையாவது பக்கத்தில் இருப்பார் என்று தினம் கணக்குப் போட ஆரம்பித்தேன். கடைசி நாளில் பொய் சொல்லி அனுப்பினாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்? ரயில் போனதோடு சிநேகமும் போய்விடுமே என்று நிஜமாகவே பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை வியர்த்ததற்கு இதுதான் காரணம்.

“படிச்சு முடிச்சுட்டேன்” என்றார். “நீ சொன்னது கரெக்ட். டாக்டரேதான்!”

“எ... எங்கக்கா போட்டிருக்கு?”

“எங்கயும் போடல. நாமதான் கண்டுபிடிக்கணும். கொலை நடந்த அன்னிக்கு மழையப் பத்தி வருதே... அதுல, கதவுக்குப் பின்னால ஒரு குடை சொட்டிக்கிட்டு நிக்குது. வெள்ளிப் பூண் போட்ட குடை. டாக்டர் குடை! மழை விட்டப்புறம்தான் வந்தேன்னு அந்தாளு சொன்னான். பின்ன குடை எப்படி நனையும்? எவ்ளோ கவனமா படிச்சிருக்கே நீ!”

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. நான் தாண்டிப்போன மழைக்கு நடுவில் அந்தக் குடை இருக்கிறது.

அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னது பொய்யா, உண்மையா? நாவல் என்னை ஏமாற்றியதா, இல்லை, நான்தான் அதைப் படிக்கவே இல்லையா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

திங்கட்கிழமை ரயிலில் ஷகிலாவிடம் குடையைப் பற்றிச் சொன்னேன். அவள் அசரவில்லை. “டாக்டர் குடைன்னா? அத கொலைக்கு மொத நாளே தம்பி இரவல் வாங்கினு போனான்னு நீங்கதானக்கா சொன்னீங்க?”

சொல்லியிருக்கிறேனாம்!

விஜயா அக்கா பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். ஆகவே, அக்கா... அன்றைக்கு நான் அடித்துவிட்டதுதான். மன்னித்துவிடுங்கள். இப்போது நாவலை முதல் பக்கத்திலிருந்து, ஒரு துளி மழை விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கென்னவோ அந்தச் சமையல்காரி மேல்தான் சந்தேகமாக இருக்கிறது!