இருபத்தேழாவது தீப்பெட்டி

ஒரு சிறுமியின் வயிற்றில் பூச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்காமலேயே எழுதினேன். அவள் இறந்துபோனாள்.

இதை எழுத எனக்குப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இப்போதும் உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்லவேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை... நீங்கள் என்னை எதிரே நின்று பார்க்கப்போவதில்லை. அதனால் வந்த துணிச்சல்தான் இது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரின் சிறிய கிளினிக்கில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். லேப் என்றதும் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், கொஞ்சம் கண்ணாடித் தகடு, ஒரு புட்டி அயோடின். அவ்வளவுதான்.

குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுவலி. ஊருக்கு ஒரே ஊருணி. மாடு இறங்குவதும், துணி அலசுவதும், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவதும், குடிக்க மொள்ளுவதும் அதில்தான். டாக்டர் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் மலம் கொண்டுவரச் சொன்னார். தீப்பெட்டியில் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை.

முதலில் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெட்டிகள் வந்தன. நம்புங்கள், ஒன்று விடாமல் பார்த்தேன். அத்தனையிலும் முட்டை. உருண்டைப் புழுவின் முட்டை பழுப்பாக, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏம்மா, அத்தனை பிள்ளைக்குமா இருக்கும்? ஒழுங்காப் பாத்துத்தான் எழுதுதியா?" என்றார் டாக்டர்.

நல்ல மனிதர் அவர். கேட்டதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையை எழுதியவளுக்கா இந்தக் கேள்வி? அந்தக் கோபத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெட்டிகள் வந்தன. நாற்பது இருக்கும். அன்றைக்குத்தான் சிவகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாலை நான்கு மணிக்கு. மாப்பிள்ளை வீட்டாரிடம் என் வேலையை 'ஆஸ்பத்திரி ஆபீஸ் வேலை' என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். என் கையில் நாற்றம் இருக்குமோ என்பதே காலையிலிருந்து எனக்குக் கவலை. என்ன பெண் நான்... நாற்பது பிள்ளைகளின் வயிறு மேஜைமேல் இருக்கிறது, என் கவலை என் விரல்களைப் பற்றி!

பதினொரு பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். பதினொன்றிலும் முட்டை. மணி ஒன்றரை. மிச்சத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, எல்லாம் ஒரே ஊருணித் தண்ணீர்தானே என்று தோன்றியது. அதோடு நின்று, எல்லோருக்கும் 'இருக்கிறது' என்று எழுதியிருந்தால்கூட ஒரு பிள்ளையும் கெட்டிருக்காது. அப்படி நான் எழுதவில்லை. மறுபடியும் டாக்டர் சந்தேகப்படுவாரே! நம்பும்படி எழுதவேண்டுமே!

அதனால் நடுநடுவே 'இல்லை' போட்டேன். ஒரே சீராக இருந்தால் பிடிபட்டுவிடும் என்று இரண்டு விட்டு ஒன்று, ஒன்று விட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன். பொய்க்கு அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டேன். அதில் பாதிக் கவனம் போதுமே, பெட்டிகளைத் திறந்து பார்ப்பதற்கு.

இருபத்தேழாவது பெட்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோட்டுத் தாளில் பொதிந்து, சிவப்பு நூலால் ரிப்பன் முடிச்சுப் போட்டிருந்தது. மேலே குண்டு குண்டான எழுத்தில் 'பேச்சியம்மாள், மூன்றாம் வகுப்பு'. இருபத்தெட்டும் அதே முடிச்சு, அதே கையெழுத்து. ஒன்றாம் வகுப்பிலிருந்த தம்பியுடையது. இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறாளே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளுக்கு 'இல்லை' என்று எழுதினேன். தம்பிக்கு 'இருக்கிறது'. முடிச்சைக்கூட அவிழ்க்காமல் எல்லாவற்றையும் பின்னாலிருந்த குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். சோப்புப் போட்டு ஐந்து தடவை கை கழுவினேன்.

டாக்டர் பட்டியலைப் படித்துவிட்டு, "இதுதான் நம்புத மாதிரி இருக்கு" என்றார்.

ஆளுக்கொரு சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினோம். 'இருக்கிறது' என்று இருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி டாக்டர் மருந்து ஊற்றினார். எனக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஐந்து மாதம் கழித்து ஒருத்தி ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கயிற்றுச் சுருள்போலக் கைக்குத் தட்டுப்படுகிறது என்றார். புழுக்கள் திரண்டு குடலை அடைத்துவிட்டன. பெயரைக் கேட்டார். பேச்சியம்மாள் என்றாள் அந்தத் தாய். இருபத்தேழாவது பெட்டி.

டாக்டர் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தார். "அப்ப இல்லையே... பிறகு பிடிச்சிருக்கும் போல" என்றார். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் செய்தும் பயனில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது.

ஒரு மாதம் சென்று அந்தத் தாய் மகனோடு வந்தாள். கையில் ஒரு தீப்பெட்டி. என்னை நர்ஸ் என்றே நினைத்திருந்தாள்.

"இவனுக்கு இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள். பிறகு தானாகவே பேசினாள். "அவளுக்கு இல்லைன்னு சீட்டுல போட்டிருந்துச்சுல்லா... மருந்து ஊத்துத அன்னைக்கு வரிசையில போயி நின்னிருக்கா. நான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். தம்பிக்கு மட்டும் இனிப்பு மருந்தான்னு வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா."

அந்தத் தீப்பெட்டியை நான் நான்கு தடவை பார்த்தேன். நான்கு தகடுகளில் வைத்துப் பார்த்தேன். யாருக்காகப் பார்த்தேன்?

போகும்போது கேட்டாள்: "தண்ணியக் காய்ச்சிக் குடுத்திருந்தா எம் பிள்ளை பொழச்சிருக்கும், என்ன சிஸ்டர்? நான்தான் விட்டுட்டேன்."

நான் "ஆமா" என்றேன்.

பார்க்காமல் எழுதியதைவிட இந்த 'ஆமா'தான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. என் பழியை எடுத்து அவள் மடியில் கட்டிவிட்டேனே... எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவருக்கும் பூச்சி மருந்து கொடுக்கிறேன். கணவர் காரணம் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

போன ஆடித் தபசுத் திருவிழா அன்று கோவில் கூட்டத்தில் அந்தத் தாயைப் பார்த்தேன். ஒதுங்கிப்போகத்தான் நினைத்தேன். அதற்குள் அவள் கண்டுகொண்டாள். பக்கத்தில் அவளைவிட உயரமாக மகன்.

"நல்லா இருக்கியளா சிஸ்டர்? அன்னையிலருந்து இவன் பச்சைத்தண்ணி குடிச்சதே இல்ல. எங்க போனாலும் காய்ச்சித்தான் கொண்டாருதேன்" என்றாள். வெயிலில் என் முகம் வாடியிருந்ததோ என்னவோ, கையிலிருந்த தூக்குவாளியைத் திறந்து டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"காய்ச்சுன தண்ணிதான் சிஸ்டர். பயப்படாமக் குடிங்க."

வாங்கிக் குடித்தேன்.