கண்ணை எடுக்காத வேலை

பட்டுவுக்கு ஒரு பழக்கம். யார் கூப்பிட்டாலும் சட்டென்று திரும்பி முகத்தைப் பார்த்துவிடுவாள். அவளுடைய அப்பா தையல்காரர். இரண்டு மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறிக் கூப்பிடுகிற தொண்டை. கூப்பிட்டும் திரும்பாதவர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதே இல்லை. "மூஞ்சியப் பாத்து பதில் சொல்லு" என்று இருபது வருடம் சொல்லி வளர்த்த பெண். கல்லூரிக் கோடை விடுமுறையில் கடலோர மீட்புப் படகில் வேலை கிடைத்ததும், வீடே மெச்சிய அந்தப் பழக்கம் முதல் வாரமே காலை வாரிவிட்டது.

படகில் அவளுக்கு ஒரே வேலை. தண்ணீரில் தத்தளிப்பவரைப் பார்த்த நொடியிலிருந்து கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. அலைகளுக்கு நடுவே ஒரு தலையைத் தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

பயிற்சிக்கு ஒரு பொம்மை இருந்தது. ஆள் உயரம், ஆள் எடை, வாயே திறக்காது. அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். படகோட்டும் அக்கா, மற்ற மாதங்களில் பள்ளியில் விளையாட்டு டீச்சர், சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையைக் கடலில் தள்ளுவாள். பட்டு கையை நீட்டுவாள். அக்கா பின்னாலிருந்து சாவகாசமாக, "பட்டு, தண்ணி பாட்டில் எங்க?" என்பாள். பட்டு திரும்புவாள். மாப்பிள்ளை அம்போ.

"ரெண்டு தடவ கொன்னுட்ட. இன்னொரு தடவ திரும்பினா கரையில உக்காந்து லைஃப் ஜாக்கெட் அலசு" என்றாள் அக்கா. பட்டுவுக்கு அவமானத்தில் காது சூடானது.

அப்பாவுக்கோ முதலிலிருந்தே இஷ்டமில்லை. "கடையில பட்டன் தைக்க ஆளில்ல, இவளுக்குக் கடல் கேக்குதா? சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். அவர் படகுத்துறைப் பாலத்தில் வந்து நின்ற நேரம், நீரோட்டம் ஒருவரை இழுத்துப் போய்விட்டது என்று படகு சீறிக் கிளம்பியது. பட்டு முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டியிருந்தாள்.

"பட்டூ!"

பாலத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பட்டுவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இடது பக்கம்க்கா. இன்னும் இடது."

"ஏய், அப்பா கூப்பிடறேன்!"

தலை முங்கியது. வெறும் தண்ணீர். ஆனாலும் அதே இடத்தைப் பார்த்தாள். தலை மேலே வந்தது. படகில் கயிறு வீசும் வேலைக்கு இருந்த மாணவன் சரியாக வீசினான்.

கரையில் அந்த ஆள் போர்வைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அப்பா உர்ரென்று வந்தார்.

"காது கேக்கலையா உனக்கு?"

பட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "கேட்டுச்சுப்பா. திரும்பியிருந்தா அவரு போயிருப்பாரு."

அப்பா போர்வைக்காரரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை.

"அப்பா, கிளம்பலாமா?"

"திங்கக்கிழமை எத்தன மணிக்கு நீ இங்க இருக்கணும்?" என்று கேட்டார், அந்த ஆளிடமிருந்து கண்ணை எடுக்காமலே.