கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் நான் தனியாக இருந்தபோது நடந்தது இது. அப்போது நான் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு என்று அண்ணா அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பூட்டிவிட்டுப் போனால் வீடு மிஞ்சாது என்று நான் நின்றுவிட்டேன்.

“அடுத்த மாதம் ஒப்பரேஷன்” என்று அண்ணா எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. போரால் பாதை மூடியிருந்தது. தொலைபேசி கிடையாது. மிஞ்சியது ரேடியோ மட்டும்தான். பின்னேரச் செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். அம்மாவுக்கு ஏதாவது நடந்துவிட்டால் அதில்தான் எனக்குத் தெரியவரும்.

மின்சாரம் நின்று வெகுநாளாகிவிட்டது. பற்றரி கண்ணில் காணக் கிடைக்காது. எல்லாரையும் போல நானும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டேன். மற்ற வீடுகளில் ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். என் வீட்டில் சுற்றுவதும் நான், கேட்பதும் நான். கை ஓய்ந்தால் குரல் இழுபட்டு அடங்கிவிடும். மற்றக் கையால் பிடித்துச் சுற்றுவதற்குள் ஒரு பெயர் போயிருக்கும். அது அம்மாவின் பெயராக இருந்தால்? இரவு முழுக்க அந்தக் கேள்வியோடு படுத்திருப்பேன்.

எங்கள் ஒழுங்கையின் மின்கம்பங்கள் எங்கள் வீட்டு வாசல் படலையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் கடற்கரையில் இருந்தது ஒரே ஒரு வீடு. ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பி இழுக்க ஏலாது என்று மின்சார சபையார் முன்பே கைவிரித்துவிட்டார்களாம். அங்கே இருந்த மீனவர், பழைய லொறி டைனமோ ஒன்றில் பலகை இறக்கைகளைப் பூட்டி, பனங்குற்றியின் உச்சியில் ஏற்றி, காற்றாடி ஒன்று செய்துகொண்டார். அது சுற்றிச் சுற்றி ஒரு கார் பற்றரியை நிரப்பும். எங்களுக்கு மலைநாட்டிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்த நாட்களில் அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. கம்பி செத்த பிறகு, வெளிச்சமுள்ள ஒரே வீடு அதுதான். ஆனால் அந்த மனிதர் ஒரு நாள் கடலில் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மனைவி மட்டும் இருந்தார்.

ஒரு பின்னேரம், தண்ணிக் குடத்தோடு போன அந்த அக்கா படலையடியில் நின்றார்.

“ரீச்சர், உள்ளுக்கை என்ன சத்தம்? தையல் மெசினோ?”

“இல்லை அக்கா, ரேடியோவுக்குச் சைக்கிள் சுத்திறன்.”

“தனியவோ?”

“ஓம்” என்றேன். அதற்கு மேல் கதைக்க முடியாமல் அழுதுவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் குடத்தை இறக்கி வைத்தார்.

“நாளைக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு என்ரை வீட்டை வாங்கோ. காத்து சும்மாதானே சுத்துது. நீங்கள் இருந்து கேளுங்கோ.”

அன்று தொடக்கம் பின்னேரங்களில் அங்கே போனேன். சோழகக் காற்று வீசிய காலம். காற்றாடி இரைந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. அவர் கிழிந்த வலையைப் பொத்துவார், நான் கேட்பேன். அந்த வீட்டில் எரிந்த ஒரே பல்ப் வாசலில் இருந்தது. குண்டுபோட வரும் விமானங்களுக்குத் தெரியாதபடி தகரத்தால் மூடி, கடலிலிருந்து ஏறிவரும் பாதையில் மட்டும் வெளிச்சம் விழச் செய்திருந்தார். பொழுதுபட்டால் அது எரியும். யாருக்காக என்று நான் கேட்டதில்லை.

பிறகு சோழகம் ஓய்ந்தது. காற்றாடி அசையாமல் நின்றது. நாளுக்கு நாள் பல்ப் சிவந்து மங்கியது.

“உங்கடை கம்பி அறுந்தால் ஊருக்கே இருட்டு. என்ரை காத்து நிண்டால் எனக்கு மட்டும்தான்” என்று சிரித்தார்.

அன்று ரேடியோவைப் பற்றரியோடு பூட்டினேன். முணுமுணுத்துவிட்டு அடங்கியது. பல்ப்பும் ரேடியோவும் சேர்ந்து ஓட பற்றரியில் பலமில்லை. நான் எழும்பினேன்.

“பரவாயில்லை அக்கா. நான் வீட்டை போய்ச் சுத்திறன்.”

அவர் வாசலுக்குப் போய் பல்ப்பின் வயரைக் கழற்றினார். பாதை இருண்டது. ரேடியோ தெளிவாகப் பேசத் தொடங்கியது.

“அக்கா, அவர் வந்தால்...”

“இண்டைக்கு அம்மாவைக் கேப்பம். அவர் வாறதெண்டால் இருட்டுக்குள்ளாலும் வருவார்.”

அறிவித்தல் தொடங்கியது. “கொழும்புத்துறையைப் பிறப்பிடமாகவும்...” என்றது குரல். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். பெயர் வந்தது. வேறு யாரோ ஒரு முதியவர். ஆறுதலில் அழுதேன். அடுத்த கணமே, வேறு ஏதோ ஒரு வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டு யாராவது உடைந்திருப்பார்களே என்று வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நாளில் கப்பலில் வந்த தபாலோடு அண்ணாவின் கடிதம் வந்தது. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கீழே அம்மாவே தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார். ஓடிப்போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “மாதாவே” என்று சிலுவை போட்டுக்கொண்டார். என் காத்திருப்பு முடிந்துவிட்டது. வாடைக்காற்று பிறந்ததும் அவருடைய வாசலில் பல்ப் மறுபடி எரிந்தது.

பின்னர் ஊரோடு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன். எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது.

தூரத்து ஊர்களுக்குக் கம்பி இழுப்பதா, அங்கேயே காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்துக்கொள்ள விடுவதா என்று படித்தவர்கள் விவாதிப்பதை இப்போது கேட்கிறேன். எது லாபம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. தனக்கிருந்த ஒரே நம்பிக்கையை ஒரு பின்னேரம் அணைத்துவிட்டு எனக்காக இருட்டில் இருந்தவரை நினைக்கும்போது, இத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் அப்படி யாருக்காவது நான் இருந்திருக்கிறேனா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.