சம்பந்தி அம்மாவின் தோள்

காலை மணி பத்து நாற்பத்திரண்டு. ஜித்ராவில் என் மகளின் மாமியார் வீட்டுக் கம்பிக் கதவு வழியாக நான் முதலில் பார்த்தது, வட்ட மேசைமேல் விரித்திருந்த ஒரு சீன நாளிதழை. அதன்மேல் ஒரு சீட்டுக்கட்டு, உரித்துப் போட்ட ஆரஞ்சுத் தோல், இருபது காசு நாணயங்கள். சுற்றிலும் ஒன்பது பேர். நாளிதழின் முதல் பக்கத்தை இப்படி விரித்துவிட்டார்களே என்றுதான் முதலில் கோபம் வந்தது. சூதாட்டத்தைப் பற்றிய கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று சீனப் புத்தாண்டு, சீனப் பெருநாளின் முதல் நாள். மகள் சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட பின் வரும் முதல் பெருநாள் என்பதால் நான் போகாமல் இருக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் மெர்கோங்கில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் முப்பது வருடம் ஒரு மலேசியத் தமிழ் நாளிதழில் வேலை பார்த்தவள். சூதாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும் என்று ஆண்டுக்கு இரண்டு கட்டுரை எழுதுவேன். தீபாவளிக்கு ஒன்று, சீனப் பெருநாளுக்கு ஒன்று. இரண்டாவதில் பண்டிகையின் பெயரை மட்டும் மாற்றுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. யாரும் படித்ததில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

என் அண்ணன் மட்டும் அந்தக் கட்டுரைகளின் பலனை நேரில் அனுபவித்தார். பதினோரு வருடத்துக்கு முன், கிறிஸ்மஸ் மதியம், என் வீட்டு ஹாலில் அவரும் அத்தை பிள்ளைகளும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடுவில் இருக்கும்போதே எல்லார் கையிலிருந்தும் சீட்டுகளைப் பிடுங்கி, சமையலறைக்குக் கொண்டுபோய், பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில் போட்டேன். அண்ணன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்று சொன்னார்:

“என் கையில என்ன இருந்துச்சின்னு கேக்கவாச்சும் கேட்டியா?”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் செமிலிங்கிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டி அண்ணியைக் கொண்டுவந்து விடுவார். அண்ணி கேக்குடன் இறங்கி உள்ளே வருவார். அண்ணன் இறங்க மாட்டார். கேட்டுக்கு வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு எங்காவது கடையில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வந்து ஹாரன் அடிப்பார். செய்தது சரி என்று முதல் இரண்டு வருடம் நினைத்தேன். மீதி ஒன்பது வருடம் அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கேக் வெட்டினேன்.

ஜித்ராவுக்கு வருகிறேன். மணி ஒன்று முப்பது. சாப்பிட்டாகிவிட்டது. சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. சம்பந்தி அம்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேங்க்கர். அதாவது, சீட்டைப் போட்டு, மேசையில் உள்ள அத்தனை பேரோடும் தனியாக மோதுபவர். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருப்பது கடைத்தெரு மலாய் கொஞ்சம்தான். அது போதாது என்று, பாசமாகத் தோளில் கை வைத்து, “போயிட்டு வரேன்” என்றேன்.

மேசையில் எல்லார் கண்ணும் என் கைமேல் நின்றது. சம்பந்தி அம்மா கையிலிருந்த சீட்டைத் திருப்பினார். தோல்வி. எட்டுப் பேருக்கும் கொடுத்தார். அடுத்த ஆட்டத்திலும் எட்டுப் பேருக்கும் கொடுத்தார். மாப்பிள்ளையின் சின்ன அத்தை ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சம்பந்தி அம்மாவின் கணவர் இளவயதில் ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். என்னைவிடச் சரளமாகத் தோட்டத் தமிழ் பேசுவார்.

“சம்மந்தி, தோள்ல கை வெச்சிட்டீங்களே. ஆட்றவங்க தோளத் தொட்டா ஓங் போய்டும்லா. அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம்.”

“தெரியாம வெச்சிட்டேன்.”

“தெரிஞ்சி யாரு வெப்பா? காலைல இருந்து ஜெயிச்சிக்கிட்டே வந்தா. இப்ப அவ மூஞ்சப் பாருங்க.”

பார்த்தேன். நான் பார்த்திருக்கக் கூடாது. சம்பந்தி அம்மா எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் திருப்பி, அதைக் கையால் தட்டினார்.

“ஒக்காருங்க,” என்றார் கணவர். “ஒடச்சவங்கதான் திருப்பிக் குடுக்கணும். எங்க வீட்டு ரூல்.”

“நான் காசு வெச்சு ஆட மாட்டேன்.”

அவர் அதை அவர்கள் பேசும் ஹொக்கியன் சீனத்தில் மொழிபெயர்த்தார். ஒரே சிரிப்பு. சின்ன அத்தை ஒரு தட்டுக் குவாச்சியை, அந்தக் கறுப்புத் தர்ப்பூசணி விதையை, என் முன் வைத்தார். எல்லாரும் காசை ஒதுக்கிவிட்டு ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டார்கள்.

“ஒரே ஒரு ஆட்டம்மா,” என்றாள் மகள். “அத்தை பாவம்.”

ஆட்டம் எளிது. அண்ணன் அன்று என் வீட்டில் ஆடியதும் இதையேதான். இரண்டு சீட்டு வரும். வேண்டுமானால் மேலும் எடுக்கலாம். கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டக் கூடாது. முதல் இரண்டு சீட்டும் ஏஸாக வந்தால் அதை வெல்ல எதுவும் கிடையாது. இதில் இருப்பது கூட்டல்தான், சூது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை ஒரு நிருபர் எழுதி அனுப்பியிருந்தால் வெட்டியிருப்பேன்.

நான்காவது ஆட்டத்தில் என் குவாச்சி தீர்ந்தது. பாதியைத் தோற்றேன். மீதியைப் பதற்றத்தில் தின்றுவிட்டேன். சம்பந்தி அம்மா கணவரிடம் ஏதோ சொன்னார்.

“குவாச்சில ஓங் வராதாம் சம்மந்தி.”

மகளிடம் கையை நீட்டினேன். அவள் தன் கைப்பையைத் திறந்து, இருந்த சில்லறை முழுவதையும் என் முன் கொட்டினாள்.

பிழை திருத்தியே பழகிய கண்ணுக்கு, கட்டிலிருந்து எந்தச் சீட்டு போயிற்று என்பது தானாக நினைவில் நின்றது. வரிசையாக ஐந்து ஆட்டம் ஜெயித்தேன். “நீங்க பேப்பர்ல வேல செஞ்சீங்களா, கெந்திங் கேசினோலயா?” என்றார் கணவர். சம்பந்தி அம்மா என் பின்னால் நின்றிருந்தார். யாராவது என் தோளுக்கு அருகில் வந்தால் கையைத் தட்டிவிட்டார். இரண்டு மணிக்கு வீடு திரும்புவதாகச் சொன்னவளுக்கு மணி மூன்று இருபது ஆனது தெரியவில்லை.

அப்போது மகள் ஒரு படம் எடுத்தாள். எடுத்ததோடு நில்லாமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள். கையில் சீட்டு, வாய் முழுக்கச் சிரிப்பு, முன்பல்லில் குவாச்சித் தோல். முதலில் ஓர் அத்தையிடமிருந்து கும்பிடும் கைகள் வந்தன. அடுத்து அண்ணனின் எண். இத்தனை வருடமாக அந்தக் குழுவில் காலை வேத வசனமும் மரணச் செய்தியும் மட்டுமே போட்டுவந்தவர்.

“கையில என்ன?”

மேசையில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “ஏழும் ஒன்பதும்” என்று தட்டினேன். பிறகு, பதினோரு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “அன்னைக்கு ஒங்க கையில என்ன இருந்துச்சு அண்ணே?”

பதில் உடனே வந்தது.

“ரெண்டு ஏஸ்.”

அன்று மதியம் முழுக்க அந்த மேசையில் ஒருவருக்கும் ரெண்டு ஏஸ் வரவில்லை. காலையில் இதைச் சொல்லியிருந்தால் அது எனக்கு வெறும் இரண்டு அட்டை. இப்போது அது எதுவும் வெல்ல முடியாத கை. விளக்கமாக ஒரு பத்தி எழுதினேன். வெட்டினேன். கர்த்தரை இழுத்து இன்னொன்று எழுதினேன். அதையும் வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது, “மன்னிச்சிருங்க அண்ணே. நல்ல கை.”

படித்ததற்கான நீலக் குறி விழுந்தது.

“சம்மந்தி, எடுக்கிறீங்களா இல்லியா?”

எடுத்தேன். ஐந்து வந்தது. இருபத்தொன்று. சம்பந்தி அம்மா என் தோளைத் தட்டக் கையை உயர்த்தி, நினைவு வந்து, நாற்காலியின் முதுகைத் தட்டினார்.

அந்தப் படத்துக்கு அதன் பிறகு அண்ணன் எதுவும் எழுதவில்லை. குழுவில் வழக்கம்போலக் காலை வசனங்கள் வந்தன. நான் அந்த வருடம் தீபாவளிக் கட்டுரை எழுதவில்லை. ஓய்வு பெற்றவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கிறிஸ்மஸ் அன்று காலை பதினொன்று ஐந்துக்குக் கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. அண்ணி கேக்குடன் இறங்கினார். நான் கதவருகில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் நின்றது. அண்ணன் இறங்கினார். முடி முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் ஒரு சீட்டுக்கட்டு, உறை பிரிக்காதது.

“வாங்கண்ணே.”

“ம்.”

செருப்பைக் கழற்றிவிட்டு, ஹாலில் உட்காராமல் நேராகச் சமையலறைக்குப் போனார். பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டியில் கையை விட்டு, அடைப்பானை எடுத்து, தண்ணீர் முழுக்க வடியும்வரை நின்றார்.