செங்குட்டுவன் தைத்த கோட்டு

2012-ஆம் வருடம் செங்குட்டுவன் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு இருநூற்று அறுபத்தொன்று வாங்கினான். நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்படியொரு மார்க்கை யாரும் வெளியே சொல்வதில்லை, சர்க்கரை வியாதி மாதிரி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நானூற்று எழுபது வாங்கிய குவார்ட்டர்ஸ் பையனே மிச்சம் முப்பது எங்கே என்று அப்பாவிடம் திட்டு வாங்குகிற ஊர் அது.

செங்குட்டுவன் குவார்ட்டர்ஸ் பையன் இல்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே ரோட்டோரக் குடியிருப்பில் ஓட்டு வீடு. அப்பா சாமிக்கண்ணு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அம்மா காந்திமதிக்கும் அதே சுரங்கம், வேறொரு காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆவோம் என்ற ஆசை இருவருக்கும் விட்டுப்போயிருந்தது. அதை அப்படியே மகன் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, சாமிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள்ளேயே தலைமை ஆசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஃபர்ஸ்ட் குரூப் கேக்காதீங்க. காமர்ஸும் நெறஞ்சிடுச்சி. மெஷினிஸ்ட் குரூப்புல கடைசி சீட்டு நேத்தே போயிடுச்சி. டெக்ஸ்டைல் இருக்கு, வேணுமா?”

“டெக்ஸ்டைலுன்னா என்னாங்க சார்?”

“டெக்ஸ்டைல்தான். துணி, மில்லு, மிஷினு. நல்ல ஸ்கோப்பு.”

அந்தத் தொழிற்பிரிவின் முழுப்பெயர் தையலும் ஆடை வடிவமைப்பும் என்பதை அவர் சொல்லவில்லை. அதில் பத்தொன்பது பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், இருபதாவது தலை ஒன்று கிடைக்காவிட்டால் பிரிவையே மூடச் சொல்வார்கள் என்பதையும் சொல்லவில்லை. சாமிக்கண்ணு கையெழுத்துப் போட்டார். மறுநாள் டீக்கடையில் தன் மகன் டெக்ஸ்டைல் இன்ஜினியருக்குப் படிப்பதாக அறிவித்தார்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பத்தொன்பது பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்தினார்கள். விஜயகுமாரி டீச்சர் தன் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

“பசங்களுக்கு மெஷினிஸ்ட் ரூம் அந்தாண்ட தம்பி.”

“ஹெச்.எம். சார்தான் இங்க போவச் சொன்னாருங்க.”

டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. இருபது. “அப்ப ஒக்காரு. ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“இவளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. கவலப்படாத.”

பத்து தையல் மிஷின்கள் இருந்தன, நான்குதான் ஓடும். பாடத்தின் பெரும்பகுதி ‘தையலின் பயன்கள் யாவை?’ என்ற மாதிரியான கேள்விகளுக்குப் பதிலைப் பார்த்து எழுதுவதுதான். எழுதுவதை விட மிஷினை மிதிப்பது மேல் என்று செங்குட்டுவன் முடிவு செய்தான். கலை ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை, அவன் கையெழுத்து அவ்வளவு மோசம். ஓடாத மிஷினிலிருந்து பாபின் கூட்டைக் கழற்றி ஓடுகிறதில் மாட்டினான். அறுந்த பெல்ட்டுகளை ஒட்டினான். ஒரு மாதத்தில் ஏழு மிஷின்கள் ஓடின. நன்றிக்கடனாக டீச்சர் தன் ஃபால்ஸ் வேலை முழுவதையும் அவனிடம் ஒப்படைத்தார்.

குட்டு வீட்டில்தான் உடைந்தது. காந்திமதியின் ரவிக்கை கிழிந்திருந்ததை அவன் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது சாமிக்கண்ணு ஷிஃப்ட் முடிந்து வந்தார். ரவிக்கையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார்.

“இதான் டெக்ஸ்டைலா?”

“இதான்பா.”

“அந்த ஹெச்.எம்மு மில்லுன்னு சொன்னான்.”

“மில்லுலேர்ந்து வர்ற துணியத்தான் தைக்கிறோம்.”

சாமிக்கண்ணு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “யார்கிட்டயும் சொல்லிக்கினு திரியாத. இன்ஜினியருன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்.”

அடுத்த வருடம் காந்திமதி வேலை பார்த்த காண்ட்ராக்டில் ஒரு புது உத்தரவு வந்தது. அந்தப் பெண்களுக்கு வேலை, நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட் ஓரமாகச் சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் அள்ளிப் போடுவது. அதுவரை புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்கள். இனிமேல் காக்கிக் கோட்டு போட்டால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்றார் சூப்பர்வைசர் பிரவின்குமார். கோட்டும் வந்தது, ஆம்பளைக் கோட்டு. புடவைக் கொசுவத்துக்கு மேல் பட்டன் சேரவில்லை. கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. வயதில் மூத்தவளான வீராயி அதைப் போட்டுக்கொண்டு, “கைலாசத்துக்குப் போவச் சொல்லி தெச்சிருக்கான்” என்றாள்.

பதினைந்தாம் நாள் வீராயியின் கோட்டுக் கை, பெல்ட்டின் அடியில் சுற்றும் ரோலரில் மாட்டியது. இழுத்த வேகத்தில் தோள் தையல் பிய்ந்து கை மட்டும் உள்ளே போனது. துணிக்கைதான். வீராயி உட்கார்ந்த இடத்தில் தன் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல துணி, நல்ல தையலாக இருந்திருந்தால் அவள் கையும் சேர்ந்து போயிருக்கும். காண்ட்ராக்டரின் கஞ்சத்தனம் அவளைக் காப்பாற்றியது.

அன்று சாயங்காலம் காந்திமதி இதைச் சொன்னபோது செங்குட்டுவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரோலரில் மாட்டியது அம்மா கையாகவும் இருந்திருக்கலாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவின் கோட்டை எடுத்து உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தான். குழந்தைகளுக்கான சட்டையைப் பற்றி நோட்டில் மூன்று முறை எழுதியிருந்தான்: முடிச்சு, இறுக்கமான பட்டன் கூடாது, எங்காவது மாட்டினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். மூன்று முறையும் அர்த்தம் யோசிக்காமல் எழுதியது. இப்போது யோசித்தான். வீராயி பிழைத்தது பிய்ந்ததால்தானே? அப்படியானால் பிய்வதைத் தற்செயலுக்கு விடாமல் நாமே வைத்துத் தைத்தால் என்ன?

பட்டன்களை வெட்டிவிட்டு, குழந்தைச் சட்டைக்கு வைக்கும் பிரஸ் பட்டன் வைத்தான். கையை மணிக்கட்டோடு நிறுத்தி, அங்கேயும் ஒரு பிரஸ் பட்டன். இடுப்பில் இரண்டு பக்கமும் பிரித்து முக்கோணத் துண்டு வைத்து, கொசுவத்துக்கு இடம் விட்டான். முந்தானை வெளியே வராமல் அடக்க உள்பக்கம் ஒரு பட்டி. எவ்வளவு இழுத்தால் திறக்கும் என்று தெரிய வேண்டுமே. அம்மாவைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கையைப் பிடித்து இழுத்தான். டக் டக்கென்று திறந்துகொண்டது. காந்திமதி அடுப்பங்கரை வாசல்வரை போய் விழுந்தாள்.

“பெத்தவள கீழ தள்ளிப் படிக்கிற படிப்பாடா இது?”

மறுநாள் வேலை இடத்தில் அதைப் பார்த்த பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார்கள், பதினோரு பேர். வகுப்பில் காகிதத்தில்தான் அளவெடுக்கப் பழகியிருந்தான். இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி தள்ளியே நின்றான்.

“என்னாடா, நான் என்னா தேரா? சுத்தி வந்து பாத்துக்கினு இருக்க” என்றாள் வீராயி. “கிட்ட வந்து அள. எனக்கு மட்டும் உள்ளார ஒரு பாக்கெட்டு வையி. வெத்தலப் பை வெக்கறதுக்கு.”

பதினோரு பேருக்கும் பாக்கெட் வைக்க வேண்டியதாயிற்று.

பள்ளி மிஷினில் ஃபால்ஸ் தைப்பதற்கு நடுவே கோட்டுகளை முடித்தான். அடுத்த வாரத் திங்கட்கிழமை பிரவின்குமார் கேட்டில் வரிசையைப் பார்த்துத் திகைத்தார்.

“கோட்ட யாரு வெட்டினது?”

“மிஷினுதாங்க மொதல்ல வெட்டிச்சி” என்றாள் வீராயி.

பிரவின்குமார் எல்லாரையும் வெளியே நிறுத்தினார். வெயில் ஏறியது. வேலை நின்றது. அந்த நேரம் பார்த்துப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பெண்கள் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டார், கோட்டைப் பார்த்தார், யோசனையோடு வீராயியின் கோட்டுக் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். டக் டக்கென்று அத்தனையும் திறந்தது.

“கேட்டுட்டு இழுங்க சாரு” என்றாள் வீராயி.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்தார். “யாரு தெச்சது இது?”

“செங்குட்டுவங்க” என்றாள் காந்திமதி.

அவர் அதை ஒரு கம்பெனிப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். பெண்களுக்கெல்லாம் இனி செங்குட்டுவன் மாடல் கோட்டுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பிரவின்குமார் மூன்று நாள் பண்ருட்டி மொத்தக்கடைகளுக்கு ஃபோன் போட்டுச் செங்குட்டுவன் கார்மென்ட்ஸைத் தேடினார். நான்காம் நாள்தான் காந்திமதியிடமே கேட்கலாம் என்று தோன்றியது.

“எம் புள்ளைங்க. பன்னெண்டாவது படிக்குது.”

பள்ளிக்கே தேடி வந்த பிரவின்குமாரைப் பார்த்ததும் தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். “செங்குட்டுவனா? என்ன பண்ணித் தொலச்சான்?” பிறகு, “ஸ்கூல் மிஷின்ல வெளியாளுக்குத் தெக்கிறதா? இன்னைக்கே டீசிதான்.” விவரம் முழுவதும் கேட்ட பிறகு மெல்ல உட்கார்ந்தார். “நம்ம பையன்தான். இந்தக் குரூப்புல சேரச் சொன்னதே நான்தான் சார்.” அதுமட்டும் பொய்யில்லை.

எழுபது கோட்டு வேண்டுமென்றார்கள். அரையாண்டு விடுமுறையில் செங்குட்டுவனோடு வகுப்புப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து தைத்தார்கள். அதில் இசைப்பிரியாவுக்கு அவனை விடக் கை சுத்தம். அவன் வைத்த காலர் கோணியிருக்கிறது என்று எட்டுக் கோட்டைப் பிரித்துப் போட்டாள்.

“பெல்ட்டு ஓரத்துல காலர யாரு பாக்கப் போறாங்க?” என்றான்.

“போட்டுக்கிறவங்க பாப்பாங்க” என்றாள் அவள். எட்டையும் திரும்பத் தைத்தான்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு அம்மையார் வந்தார். ரெக்கார்டு நோட்டில் ஒட்டியிருந்த கோட்டு வரைபடத்தில் அவர் விரல் நின்றது.

“இது என்னப்பா?”

“பெல்ட்டுகிட்ட வேல செய்றவங்க போட்டுக்கிற கோட்டுங்க.”

“சிலபஸ்ல எந்தப் பக்கம்?”

“சிலபஸ்ல இல்லீங்க. இப்ப எழுவது பேரு போட்டுக்கினு இருக்காங்க.”

“எழுவது பேரு போட்டா சிலபஸ் ஆயிடுமா?” என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். விஜயகுமாரி டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கோட்டோடு எழுந்து வந்து, “மேடம், அது நல்லா வேல செய்யுது, இழுத்துப் பாருங்க” என்றார். இரண்டு வருடத்தில் அவர் செங்குட்டுவனுக்காகப் பேசிய ஒரே வாக்கியம். மேடம் இழுத்துப் பார்க்கவில்லை. வகுப்பிலேயே குறைந்த செய்முறை மார்க் செங்குட்டுவனுக்குத்தான் வந்தது. அன்று சாயங்காலம் நோட்டைக் கிழித்துப்போட நினைத்தவன், வரைபடத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் கிழித்தான்.

தொழிற்பிரிவில் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர வழியிருந்தது. ஈரோட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் டிப்ளமோ கிடைத்தது. சாமிக்கண்ணு பஸ் ஏற்ற வந்தபோது மகனின் டெக்ஸ்டைல் படிப்பைப் பற்றி ஊரே கேட்கும்படி பேசினார். இரண்டு வருடம் கழித்துக் கணக்கில் ஒரு அரியரோடு மகன் திரும்பி வந்தான். அதை எழுதி முடிக்க இன்னும் இரண்டு வருடமும் நாலு தடவையும் ஆனது.

இப்போது கடைத்தெருவில் சின்ன இடம், நாலு மிஷின், இசைப்பிரியா பங்குதாரர். பெயர்ப்பலகையில் அவள் பெயர்தான் முதலில் இருக்கும். காலர் விஷயத்தில் இன்றுவரை சண்டை உண்டு. சுரங்கத்துப் பெண்களின் கோட்டு, நர்ஸம்மாக்களின் உடுப்பு, பள்ளிக்கூடச் சீருடை என்று வேலைக்குக் குறைவில்லை.

ஒரே ஒரு வில்லங்கம். அந்த வகுப்பில் பெண்கள், குழந்தைகள் உடுப்பு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆம்பளை பேன்ட் அவனுக்கு வராது. மூன்று முறை தைத்துப் பார்த்தான், மூன்றும் உட்காரும்போது கிழிந்தன. போன தீபாவளிக்குச் சாமிக்கண்ணு பேன்ட் துணியோடு கடைக்குள் வந்தார். மகன் துணியை வாங்கி மடித்து, எதிர்க் கடை டெய்லரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். சாமிக்கண்ணு எதிர்க் கடைக்குப் போய், கையைத் தூக்கி அளவு கொடுத்துக்கொண்டு நின்றார்.