இராசமலர் கூட்டி எழுதிய எட்டு

ஐம்பதுகளில் வன்னியின் நெடுங்கேணிக் காட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்காரர் வராத மாதமே இல்லை. ஒருவர் சுத்தியலோடு வந்து பாறையை உடைத்துப் பார்ப்பார். இன்னொருவர் தவளைகளைப் போத்தலில் அடைப்பார். இலைகளைக் கடதாசிக்குள் வைத்து அமத்துகிறவர்கள், குட்டையில் நுளம்புப் புழுக்களை அள்ளி எண்ணுகிறவர்கள், தேன்பூச்சிக்குப் பின்னால் அலைகிறவர்கள் என்று எல்லாருக்கும் வழிகாட்டி ஒரே ஆள்தான், சின்னராசா. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து காணி கிடைத்துக் கூழாமோட்டைக் குளத்தடியில் குடியேறியவன். அவன் மனைவி இராசமலர் அவர்களுக்குச் சமைத்துப் போடுவாள். அவர்களுடைய கதையைக் குசினிக்குள் நின்று கேட்டுக் கேட்டே யார் எதைத் தேடுகிறார் என்பது அவளுக்கு விளங்கியிருந்தது.

கதிர்காமநாதன் என்ற விரிவுரையாளர் தேடியது தண்ணீர் போகும் வழியை. மாரியில் நிரம்புகிற குளம் ஆனி ஆடியில் ஏன் வற்றுகிறது? வெயில் குடிப்பது எவ்வளவு, நிலம் குடிப்பது எவ்வளவு? இதற்காகக் குளக்கட்டில் வாயகன்ற தகரத் தொட்டி ஒன்றை வைத்து நீர் நிரப்பியிருந்தார். தொட்டியில் ஒரு நாளில் குறைவது வெயில் குடித்தது. குளத்தில் அதற்கு மேல் குறைவது நிலம் குடித்தது. காலை எட்டு மணிக்குத் தொட்டியை அளந்து எழுதுவது சின்னராசாவின் வேலை.

1957 ஆவணியில் ஒரு காலை, அந்தத் தொட்டியடியில் அவனைப் புடையன் பாம்பு கடித்தது.

இராசமலர் அவனைத் தாங்கிக்கொண்டு வீதிக்கு வந்தபோது கதிர்காமநாதனின் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. பின்பக்கம் முழுவதும் குளத்து நீர் அடைத்த போத்தல்கள்.

"ஐயா, இவரையும் ஏத்துங்கோ. நீங்கள் புளியங்குளத்துக்குத்தானே போறியள்?"

"எங்கை ஏத்துறது? போத்தல் எல்லாம் அடுக்கியாச்சு. ரயில் தவறினால் ஒரு மாச வேலை பாழ். நீ வண்டில் பிடிச்சு வா. நான் ஸ்ரேசனிலையிருந்து ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுக்கிறன்."

பக்கத்தில் நின்ற பரமலிங்கம் பாறைகளைப் படிக்க வந்த மாணவன். "சேர், போத்தலை இறக்கி வைப்பம். நான் காவலிருக்கிறன்" என்றான்.

"நீர் உம்முடைய கல்லைப் பாரும்" என்றார் கதிர்காமநாதன். ஜீப் போய்விட்டது.

பரமலிங்கம்தான் ஓடிப்போய் வண்டில் பிடித்து வந்தான். பத்தாம் மைல்கட்டையில் சின்னராசாவின் மூச்சு நின்றது. எதிரே எந்த ஆஸ்பத்திரி வாகனமும் வரவில்லை. பிறகு ஸ்ரேசனில் விசாரித்தபோது, அன்று யாரும் ரெலிபோன் எடுக்கவில்லை என்று சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை கதிர்காமநாதன் வந்தார். தொட்டியை அளக்க ஆளில்லாமல் இருந்தது.

"உனக்கு எழுத வருமே?"

"அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான்."

"அது காணும். இந்தத் தொட்டியிலைதான் என்ர முழு ஆராய்ச்சியும் நிக்குது. இதிலை பிழைச்சால் எல்லாம் பிழைச்சுப் போகும். கவனமாய் எழுது."

இராசமலர் அளவுகோலை அவரிடமிருந்து வாங்கினாள்.

"ஓம் ஐயா. கவனமாய் எழுதுறன்."

கவனமாகத்தான் எழுதினாள். அளவுகோல் அங்குலத்தை நூறாகப் பிரித்துக் காட்டும். வெயில் நாளில் இருபத்திரண்டு குறைந்தால் முப்பது என்று எழுதினாள். மழை நாளில் ஒன்றும் கூட்டவில்லை. காற்று நாளில் ஒன்பது கூட்டினாள், மந்தார நாளில் நாலு. மற்ற நாட்களில் எட்டு. பொய் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க உண்மை தெரிந்திருக்க வேண்டும். அதனால் சரியான அளவை வேறொரு கொப்பியில் எழுதி அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள். காய்ச்சலில் கிடந்த நாளிலும் எழும்பிப் போய் அளந்தாள்.

அந்த எண்களோடு கதிர்காமநாதன் உயர்ந்தார், பேராசிரியரானார். வன்னிக் குளங்களின் நீரை வெயில்தான் குடிக்கிறது, நிலம் குடிப்பது சொற்பம் என்று எழுதினார். பரமலிங்கமும் இதற்குள் விரிவுரையாளராகியிருந்தான். குளக்கட்டின் அடியில் சரளைக்கல் படை ஒன்று இருக்கிறது, நீர் அதன் வழியே கசிகிறது என்று அவன் சொன்னபோது கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேராசிரியர் சிரித்தாராம். இதைப் பரமலிங்கமே வந்து சொன்னான். இராசமலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பேராசிரியர் இன்னும் உயரட்டும், பிறகு கொப்பியை எடுக்கலாம் என்று இருந்தாள்.

1963 சித்திரையில் பேராசிரியர் மெழுகு போன்ற வெள்ளைத் தூள் மூட்டைகளோடு வந்தார். நீரின் மேல் தூவினால் ஆடைபோலப் படர்ந்து வெயிலைத் தடுக்குமாம். கொழும்பிலிருந்து அதிகாரிகளும் பத்திரிகைக்காரரும் வந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு நீர் மிஞ்சும், இந்தக் கோடையில் துணிந்து சிறுபோகம் விதையுங்கள் என்று பேராசிரியர் குளக்கட்டில் நின்று சொன்னார்.

அன்று பின்னேரம் இராசமலர் பக்கத்து வீட்டு இரஞ்சிதத்திடம் மட்டும், "விதைக்காதை பிள்ளை" என்றாள். ஊருக்குச் சொன்னால் அவர் தப்பிவிடுவார். பதினொரு குடும்பங்கள் விதைத்தன.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழுந்ததும் வெள்ளை ஆடை கிழிந்து கரையில் நுரையாக ஒதுங்கியது. குளம் எப்போதும்போலவே, வெயிலோடு நிலமும் குடித்து, வற்றியது. ஆனிக் கடைசியில் கடைவாய்க்கால் வயல்கள் கதிர் தள்ளாமலே கருகின. அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள். தூள் பழுது என்று சொல்லிப் பார்த்தார் பேராசிரியர்.

அப்போதுதான் இராசமலர் பரமலிங்கத்துக்கு ஆளனுப்பி, ஆறு வருடக் கொப்பிகளை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் நெடுநேரம் புரட்டினான். "அக்கா, இதை நான் பல்கலைக்கழகத்திலை சொல்ல வேணுமல்லே?"

"சொல்லுங்கோ. அதுக்குத்தானே தாறன்."

அவன் பத்து நாள் தானே தொட்டியை அளந்து, கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போய்ச் சொன்னான்.

புரட்டாதியில் கதிர்காமநாதன் தனியாக வந்தார். முற்றத்தில் கதிரை போட்டும் அதில் அமரவில்லை.

"நீ என்ன செய்தனி எண்டு தெரியுமோ? ஆறு வருசம் இராசமலர், ஆறு வருசம்."

"தெரியும் ஐயா. நாளுக்கு நாள் நான்தானே எழுதினனான்."

"அண்டைக்கு... ரெலிபோன் எடுக்க மறந்துபோனன். ரயிலுக்கு அவ்வளவு அவசரம். வேணுமெண்டு செய்யேல்லை."

"நான் வேணுமெண்டுதான் செய்தனான்."

அவர் முகம் கோணிப்போனது. அதை அவள் ஆசை தீரப் பார்த்தாள். அந்த ஒரு முகத்துக்காகத்தான் அத்தனை காலைகளும் எழும்பிப் போனாள் என்று பிறகு இரஞ்சிதத்திடம் சொன்னாள். பேராசிரியர் வேலையை விட்டார். மலாயாவில் ஏதோ கல்லூரியில் படிப்பிக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அங்கேயும் சோறு கிடைத்துவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது அவளுக்கு.

ஊருக்கும் அவளே போய்ச் சொன்னாள். மூன்று ஏக்கர் கருகிய ஐயாத்துரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்கு அந்தாளிலை கோவம். சரி. என்ர வயல் காய்ஞ்சதை ஏன் பாத்துக்கொண்டிருந்தனி?"

அடுத்த மாரியில் இராசமலர் தன் வயலில் விளைந்த நெல்லில் பாதியை வண்டிலில் ஏற்றி அவர் வீட்டுக்கு அனுப்பினாள். ஐயாத்துரை இறக்குவித்தார். அவர் மனைவி அதற்குப் பிறகும் முகம் கொடுக்கவில்லை. கதிர்காமநாதனை நினைத்து ஒரு நாளும் இளகாத இராசமலர், ஐயாத்துரை வீட்டு வாசற் படலையைத் தாண்டும்போது மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு விறுவிறென்று நடந்தாள்.